கொழிஞ்சாம்பாறையில் ஒரு கவிதைச் சிற்றேடு: மடிப்பு அவர்களுடையது, வரி நம்முடையது

சித்திரைப் பிறப்பு, விஷுவை ஒட்டிய கவியரங்குகளில் வாசித்த கவிதை மேடையை விட்டு இறங்குவதற்குள் காற்றோடு போய்விடும். சின்னதாக ஓர் ஏடு அச்சடித்துக் கையில் கொடுத்தால் அது வீடு வரை போகும். அதற்காகப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ ஓட வேண்டாம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலேயே டிடிபி (கணினி எழுத்துக்கோப்பு), பிரிண்ட், சென்டர் பின் (நடுமடிப்பில் பின் அடிப்பது), கட்டிங் நாலையும் ஒரே இடத்தில் முடித்துத் தருகிற சிறு அச்சுக்கடை இருக்கிறது. மடிப்பு, பின், வெட்டு மூன்றிலும் குறை சொல்ல முடியாத வேலை. எழுத்துக்கோப்பை மட்டும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு வரக்கூடாது.

முதலில் அளவு. ஏ4 தாளை மடித்தால் ஏ5, தாளுக்கு 4 பக்கம். எனவே பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 32 பக்க ஏட்டுக்கு 8 தாள், 100 பிரதிக்கு 800 தாள். கழிவையும் சேர்த்தால் இரண்டு ரீமுக்குள் (ரீம் என்பது 500 தாள்) அடங்கும். கடையில் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளை எடுத்து நீட்டுவார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். கவிதைப் பக்கத்தில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். மெல்லிய தாளில் பின்பக்க வரிகள் அங்கே நிழலாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கதைப் புத்தகத்தில் இது கண்ணில் படாது, கவிதையில் எரிச்சல் தரும். 80 ஜிஎஸ்எம் போதும். ஒரு தாள் 5 கிராம், அட்டையோடு ஏடு சுமார் 55 கிராம் வரும்.

எட்டுத் தாளைச் சேர்த்து மடிக்கும்போது உள்தாள்கள் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் வெளியே துருத்தும். கத்தி அதைச் சமமாக வெட்டிவிடுவதால் நடுப்பக்கங்களின் ஓர வெற்றிடம் குறைந்துபோகும். வெளி ஓரத்தில் 15 மில்லிமீட்டர் விட்டிருந்தால் கவலை இல்லை. 10 விட்டால் பக்க எண் விளிம்பில் தொங்கும்.

இனி வம்பு பிடித்த இடம். கடையில் தமிழுக்கு இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்தான், யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருதான். செல்போனில் அடித்த யூனிகோட் கவிதையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை மாற்றித்தான் ஏற்றுவார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் பிரியும்; ‘கொ’ இருந்த இடத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். ‘ஔ’ இரண்டாக உடைந்து ‘ஒள’ ஆகிவிடும். அதைவிட மோசம், பத்தியின் இரு ஓரத்தையும் இழுத்துச் சமன் செய்கிற பழக்கம். நாலு சொல் உள்ள வரியைப் பக்கம் முழுக்க இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஆள் நடந்து போகலாம். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

ஏ5 பக்கத்தில் 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துக்கு, எழுத்துருவைப் பொறுத்து, ஒரு வரியில் 35 எழுத்து வரைதான் கொள்ளும். நீண்ட வரி தானாக மடங்கினால் படிப்பவர் அதைப் புது வரியாக நினைத்து மூச்சை நிறுத்துவார். சந்தம் அங்கேயே போயிற்று. மடங்கிய பகுதியை இரண்டு எழுத்து உள்ளே தள்ளச் சொல்ல வேண்டும். வரி இடைவெளி 16 புள்ளிக்குக் குறைந்தால் மேல்வரியின் ‘கு’, ‘ழு’ கால்கள் கீழ்வரி மெய்ப்புள்ளியில் இடிக்கும். இதற்கெல்லாம் ஒரே மருந்து, நாமே கோத்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் ஒரு புள்ளிகூட மாறாமல் அடித்துத் தருகிறார்கள்.

இங்கே பலர் மலையாள மொழிபெயர்ப்பையும் எதிர்ப்பக்கத்தில் போடுகிறார்கள், நல்ல வழக்கம். முதல் பக்கம் வலப்புறம் விழுவதால் இரட்டைப்படைப் பக்கங்களில் தமிழ், அடுத்த ஒற்றைப்படையில் மலையாளம் என்று வைத்தால் இரண்டும் முகம் பார்க்கும். மலையாளத்தில் உற்றுப் பார்க்க வேண்டியது சில்லெழுத்து, அதாவது உயிர் சேராத சில மெய்களுக்கு உள்ள தனி வடிவம். 2008இல் வந்த யூனிகோட் 5.1தான் சில்லுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் அடித்த பிரதியில், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி உதிர்ந்தால், சில்லு வெறும் மெய்யாகச் சந்திரக்கலையோடு (நம் மெய்ப்புள்ளி போன்ற குறி) நிற்கும். தமிழ் மட்டும் படிப்பவர் புரூஃப் பார்த்தால் இது தப்பிவிடும்.

32 பக்க ஏட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் நடுவில் வரும் 16, 17 மட்டுமே ஒரே தாளின் ஒரே முகத்தில் அச்சாகின்றன. மற்ற எதிர்ப்பக்கங்களில் வரிகள் ஒரு முடி அளவு ஏறி இறங்கலாம், இங்கே ஏறாது. பின்கள் தெரிவதும் இங்கேதான். ஏட்டின் மிகச் சிறிய கவிதைக்கு இதுதான் இடம்.

அட்டை 250 ஜிஎஸ்எம். 12×18 அங்குலத் தாளில் இரண்டு அட்டை அடங்கும். 100 பிரதிக்கு 50 தாள். முழு வண்ணம் போட்டால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு விழும். கடையில் கிரீசிங் போட்டுத்தான் (மடிப்புக் கோட்டை முன்பே அழுத்திவிட்டு) மடிக்கிறார்கள், அதனால் விழவில்லை. அட்டைப்படம் கேட்டால் கொன்றை, கொன்றை, கொன்றை. சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ, தலைவன் திரும்பி வரும் மழைக்கு அடையாளம். சித்தூர் தாலுகாவில் அதுவே பங்குனி வெயிலில் மஞ்சளாகக் கொட்டுகிறது. இளவேனிலுக்கு வேப்பம்பூவும் மாந்தளிரும் நம் பக்கத்து அடையாளம். யாராவது ஒருவர் அதைப் போடலாம். எதைப் போட்டாலும் தலைப்பை மஞ்சளில் வைக்க வேண்டாம், வெள்ளை அட்டையில் எழுத்தே தெரியாது.

பின்னட்டையில் தேதி அச்சிடுமுன் பஞ்சாங்கம் பாருங்கள். சூரியன் மேஷத்தில் நுழையும் சங்கராந்தி பிற்பகலில் விழுந்தால் தமிழ்க் கணக்கில் அன்றே சித்திரை 1, மலையாளக் கணக்கில் மறுநாள்தான் மேடம் 1. 2023இல் அப்படித்தான் ஏப்ரல் 14, 15 என்று பிரிந்தன. பங்குனி பாதிக்கு மேல் கடையில் கோயில் வேலா (திருவிழா) நோட்டீஸ்கள் குவியும். மார்ச் நடுவில் கொடுத்துவிட்டால் ஒரு புரூஃப் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும்.

கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு, வாங்குகிறவர் தன் கவிதையை எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கட்டும் என்று நினைத்தால் ஒரு குறிப்பு. அட்டையின் உள்பக்கத்தை அதற்கு வைத்திருந்தால், லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிவிடுகிறார்கள், அதன்மேல் பால்பாயின்ட் பேனா வழுக்கும்.