மூட்டை எண்ண ஓப்பன்சிவியா, யோலோவா?

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடை. லொறியிலிருந்து நாட்டாமிமார் இறக்கி உள்ளே கொண்டுபோகும் மூட்டைகளைக் கமரா எண்ண வேண்டும். முதலாளியின் கொப்பிக் கணக்கோடு அது ஒத்துவர வேண்டும். ஓப்பன்சிவி, படத்தையும் வீடியோவையும் அலசும் நிரல் தொகுப்பு. யோலோ, படங்களைக் காட்டிப் பழக்கினால் பொருளை இனங்காணும் மென்பொருள். இரண்டையும் ஒரு கிழமை ஓடவிட்டுப் பார்த்து, ஓப்பன்சிவியிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டும் காசில்லாமல் கிடைக்கும், பைத்தனில் ஓடும். ஓப்பன்சிவி 1999இல் இன்டெலில் தொடங்கிய பழைய ஆள். அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனத்தின் யோலோவை நிறுவினால் அதுவும் கூடவே ஓப்பன்சிவியை இறக்கிக்கொள்ளும்.

யோலோ மனிதரைப் பிடிப்பதில் கெட்டி. ஆனால் கோகோ என்ற பயிற்சிப் படத் தொகுப்பில் அது படித்த 80 வகைகளில் சூட்கேஸ் உண்டு, சாக்கு மூட்டை இல்லை. நாமே படமெடுத்து, ஒவ்வொன்றிலும் மூட்டையைச் சுற்றிப் பெட்டி வரைந்து பழக்க வேண்டும்.

சரி, பழக்கியாயிற்று. ஆறு மாதம் கழித்துச் சாக்கு மாறினால்? மறுபடி படம், மறுபடி பெட்டி. கடையில் இருப்பதோ கிராபிக்ஸ் கார்ட் இல்லாத 4 ஜிபி பழைய மெஷின். அதில் பழக்க முடியாது, என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓப்பன்சிவியில் உள்ள எம்ஓஜி2 என்ற கருவி பின்னணியைக் கழித்து, அசைவதை மட்டும் வெள்ளையாகத் தரும். மூட்டை சுமப்பவரின் வெள்ளைப் பரப்பு பெரிது. உள்ளே போகும் பெரிய பரப்பை எண்ணினால் போதும். முதல் நாள் காலை வெயிலில், ரசீது கேட்டு வந்த ஒருவரையும் மூட்டையாக எண்ணிவிட்டது. அவருடைய நிழலும் சேர்ந்து மூட்டையளவு ஆகிவிட்டது! எம்ஓஜி2 நிழலை 127 என்ற சாம்பல் நிறத்தில் குறிக்கும் (வெள்ளை என்றால் 255). 200க்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டினேன், சரிவந்தது. சின்ன மூட்டை வந்தால் பரப்பு எண்ணைக் குறைக்க வேண்டும். அந்த வரியைக் கடைப் பொடியனுக்கே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

ஓப்பன்சிவியிலும் தொல்லை இல்லாமலில்லை. விளிம்பு தேடும் ஃபைண்ட்கான்டூர்ஸ் என்ற கட்டளை 3ஆம் பதிப்பில் மூன்று விடை தந்தது, 4இல் இரண்டு. பழைய நிரலை ஒட்டினால் அப்படியே விழும். பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள்.

உரிமத்தில் ஓப்பன்சிவி 4.5.0 முதல் அப்பாச்சி 2.0. யோலோவுக்கு ஏஜிபிஎல் 3.0, செய்து விற்கிறவர்கள் முதலில் அதை வாசிக்கவும்.

நான் சொல்வது ஒரு வாசலுக்கும் ஆடாத கமராவுக்கும்தான். சனம் நெரியும் இடத்தில் இதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை; அங்கே யோலோ பக்கம்தான் போவேன் என்று நினைக்கிறேன். இங்கேயே இரண்டு நாட்டாமிமார் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரு மூட்டையாகத்தான் எண்ணியது. அதற்கு நிரல் எழுதவில்லை. ஒவ்வொருவராக வரட்டும் என்று வாசலில் ஒரு வெறும் பீப்பாயை உருட்டி வைத்தோம்.