‘ரெண்டு டிரைவ் ஷாப்டும் போயிட்டு’ என்று சொல்லும் கராஜில் கவனமாக இருங்கள்

மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு கராஜில் எனக்கு நேர்ந்ததை, இதே சத்தத்தோடு அலைந்துகொண்டிருக்கும் கார்க்காரர் ஒருவராவது தப்பிக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் அந்தக் கராஜின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என்னுடையது ஒட்டோ கியர் கொண்ட பழைய ரொயோட்டா விட்ஸ். படுவான்கரையிலுள்ள பாடசாலையொன்றில் கற்பிப்பதால் தினமும் மண்முனைப் பாலத்தைக் கடந்து போய்வருகிறேன். மாரி மழை ஓய்ந்த தை மாதத்தில் முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. காரை எடுக்கும்போது ஒரு தடவை, அக்ஸிலேட்டரை விட்டுத் திரும்ப மிதிக்கும்போது ஒரு தடவை. கியரை முன்னோக்கிப் போகும் ‘டி’யிலிருந்து பின்னோக்கிப் போகும் ‘ஆர்’ருக்கு மாற்றினால் பாதத்தில் உறைக்கும் அளவுக்குப் பலமாக. பள்ளங்களில் இறங்கி ஏறும்போது சத்தம் இல்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதும் இல்லை. இந்த இரண்டு ‘இல்லை’களையும் கராஜில் தெளிவாகவே சொன்னேன். விடை அவற்றிலேயே இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் காரை ஜக்கில் தூக்கவுமில்லை, ஓட்டிப் பார்க்கவுமில்லை. “சேர், வெள்ளத்துக்குள்ள ஓடியிருக்கிறீங்க. தண்ணி ஜொயின்டுக்குள்ள போயிட்டு. ரெண்டு டிரைவ் ஷாப்டும் மாத்தவேணும்” என்றார். கியர்பொக்ஸிலிருந்து முன்சில்லுகளைச் சுழற்றும் தண்டுகள்தான் அவை; அவற்றின் முனைகளில் இருப்பவை ஜொயின்ட்கள். நம்பத் தகுந்த காரணம்தான். ஜொயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே வீசப்பட்டு, மணலும் நீரும் உள்ளே போய், உருண்டைகள் தேய்ந்துவிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வீதிகளில் ஓடும் வாகனங்களுக்கு இது நடப்பதுண்டு. ஆனால் என் காரின் பூட்கள் கிழிந்திருக்கவில்லை. கிழிந்திருந்தால் சில்லின் உட்புறத்திலும் அதைச் சுற்றியும் கறுப்புக் கிரீஸ் தெறித்திருக்கும். அப்படி எதுவும் இல்லை என்பதைக் குனிந்து பார்த்திருந்தால் நானே கண்டிருப்பேன், பார்க்கவில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த ரீகண்டிஷன் ஷாப்ட் என்று இரண்டுக்கு 72,000 ரூபாவும் கூலியாக 9,000 ரூபாவும் வாங்கினார்கள். பழைய ஷாப்ட்களைக் கேட்டபோது முதலில் தயங்கினார்கள். பிறகு மூலையில் கிடந்த இரண்டைக் காட்டினார்கள். அவை என்னுடையவை அல்ல. வலப்பக்க ரப்பர் பூட்டை ஒன்றரை ஆண்டுக்கு முன் மாற்றியபோது துருப்பிடிக்காத வெள்ளி நிறக் கிளிப்பைக் கேட்டுப் போடுவித்திருந்தேன். அவர்கள் காட்டியதிலோ கிளிப் துருவேறி, தொட்ட விரலில் செம்மண்போல ஒட்டியது. பூட்டும் கிழிந்து தொங்கியது. “என்னுடையதில் இருந்த கிளிப் எங்கே?” என்று கேட்டதற்கு, கழற்றும்போது உடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். கிளிப் உடையலாம்; ஒன்றரை ஆண்டுப் பூட் ஒரே பகலில் பத்தாண்டுப் பூட் ஆகாது.

மூன்றாம் நாள் கல்லடியில் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பும்போது, முன்பு ஒருபோதும் இல்லாத ‘கட கட கட’ என்ற சத்தம் வந்தது. பழைய ‘டொக்’கும் அப்படியே இருந்தது. அடுத்த நாள் காலை காருக்கு அடியில், சீமெந்துத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் பரவியிருந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், இப்போது கியர்பொக்ஸும் போய்விட்டதாம், இரண்டு இலட்சமாவது வேண்டுமாம்.

மைத்துனர் சொல்லி, களுவாஞ்சிக்குடியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எப்ப எப்ப சத்தம் வருது தம்பி?” என்பதுதான். பொனட்டைத் திறந்துவைத்து, காருக்கு முன்னால் எவரும் நிற்காதபடி பார்த்து, கைப்பிரேக்கை இழுத்துப் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ‘டி’க்கும் ‘ஆர்’ருக்கும் மாற்றச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பி ‘டொக்’ என்று விழுந்ததை இருக்கையிலிருந்தே கண்டேன். டோர்ச் வெளிச்சத்தில், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுன்டைக் காட்டினார். ரப்பர் இரண்டாகப் பிளந்து, உள்ளிரும்பு வெளிக்கூட்டில் போய் முட்டிக்கொண்டிருந்தது. மவுன்டுக்கும் கூலிக்குமாகச் செலவானது 21,500 ரூபா; ‘டொக்’ அன்றோடு நின்றது.

முன்சில்லுகளைத் தூக்கி, அந்தக் கராஜின் வேலையையும் அவர் பார்த்தார். ஷாப்டை இழுத்தெடுத்தபோது கியர்பொக்ஸ் எண்ணெய் சீலின் உதட்டைக் கீறியிருந்தார்கள். ஒழுகிய எண்ணெய்க்கு ஈடாக ஊற்றவுமில்லை. என் காரிலுள்ள சீவீரி (CVT) வகை ஒட்டோ கியர்பொக்ஸ் அதற்குரிய எண்ணெய் குறைந்து ஓடினால் உண்மையாகவே கியர்பொக்ஸ் போய்விடும். என்னைக் கோபப்படுத்தியது, ஷாப்டைச் சில்லோடு பிணைக்கும் இடப்பக்க நடு நட்தான். அது தளராதிருக்க, அதன் விளிம்பை ஷாப்டிலுள்ள பள்ளத்துக்குள் தட்டிப் பூட்ட வேண்டும்; அதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள். அந்த நிலையில் என் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நாலு நாள் ஓடியிருக்கிறேன்.

அவரிடம் கேட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுதாக ஒடித்து மெதுவாக ஓடும்போது வேகத்தோடு கூடும் ‘கட கட’ என்றால் வெளிப்பக்க ஜொயின்ட். சிறு பள்ளங்களில் மட்டும் தட்டினால் ஸ்டெபிலைசர் லிங்க், போல் ஜொயின்ட், லோவர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தூக்கிய சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது இடைவெளி தெரிந்தால் போல் ஜொயின்டோ பெயரிங்கோ, இடமும் வலமுமாக ஆட்டும்போது தெரிந்தால் ஸ்டியரிங் ரொட் என்ட். கியர் மாற்றும்போதும் அக்ஸிலேட்டரைத் தொடும்போதும் மட்டும் வந்தால், ஷாப்டில் கைவைக்கும் முன் எஞ்சின் மவுன்டைப் பார்த்துவிட வேண்டும். பொனட்டைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் உரியது. உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்து தரப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபைக்குக் கொடுக்க வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். எனக்கு அவர்கள் தந்த பற்றுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே உள்ளது, பொருளின் விவரம் இல்லை. அதுவே இப்போது என் பக்கத்துப் பலவீனமாகிவிட்டது. வேலை தொடங்குமுன் பழைய பாகங்களில் பெயின்டால் ஓர் அடையாளம் வைத்துப் படம் எடுத்திருந்தாலும் இந்தத் தடுமாற்றம் வந்திராது.

இந்த மாசி, பங்குனியில் மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கத்திலோ எவராவது தம் விட்ஸுக்கு ரீகண்டிஷன் ஷாப்ட் போட்டிருந்தால், வலப்பக்கப் பூட்டில் வெள்ளி நிறக் கிளிப் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். இருந்தால் எனக்கு அறியத் தாருங்கள். ஷாப்டைத் திருப்பிக் கேட்கமாட்டேன்; உங்கள் பற்றுச்சீட்டின் பிரதி ஒன்று கிடைத்தால் போதும்.