போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகேஷன்: புது டேபிள் வரும் நாளில் மட்டும் ஒரு தலைவலி

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் லாஜிக்கல் ரெப்ளிகேஷனை, அதாவது ஒரு சர்வரில் நாம் சொல்லும் டேபிள்களின் மாற்றங்களை இன்னொரு சர்வருக்குத் தொடர்ந்து அனுப்பும் முறையை, நம்பி இறங்கலாமா என்று பழைய சக ஊழியர் ஒருவர் கேட்டார். 2017-இல் போஸ்ட்கிரெஸ் 10-ஓடு வந்த வசதி. ரிப்போர்ட் சர்வருக்கு நாங்கள் பல வருடமாக இதைத்தான் ஓட்டுகிறோம். அமைத்துவிட்டால் அதுபாட்டுக்கு ஓடும். புது டேபிள் சேர்க்கிற வரைக்கும்.

எந்தெந்த டேபிளை அனுப்புவது என்கிற பட்டியல்தான் பப்ளிகேஷன். மெயின் சர்வரில் 'ஆல்டர் பப்ளிகேஷன்' கொடுத்து டேபிளைச் சேர்த்தால் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். டேபிளின் அமைப்பு தானாக ரிப்போர்ட் சர்வர் பக்கம் போகாது, நாம்தான் அங்கே உருவாக்க வேண்டும். அப்புறம் அங்கேயே, அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளும் சப்ஸ்கிரிப்ஷனுக்கு, பட்டியலைத் திரும்பப் பார்க்கச் சொல்லி 'ரெஃப்ரெஷ் பப்ளிகேஷன்' கொடுக்க வேண்டும்.

அந்தப் பக்கம் டேபிளே இல்லையென்றால் ஊரைக் கூட்டும். டேபிளின் முதல் வரி (ரோ) வந்ததுமே, மாற்றங்களை அங்கே எழுதும் அப்ளை வொர்க்கர் எரர் போட்டு விழும், எழும், திரும்ப விழும். கூடவே மற்ற டேபிள்களும் நிற்கும். சரி, அதாவது தெரிகிறது. டேபிள் இருந்து ரெஃப்ரெஷ் மட்டும் விட்டுப்போனால்? வருகிற வரிகளையெல்லாம் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். லாக்கில் ஒரு வார்னிங் கிடையாது. லேக் (எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற கணக்கு) பார்த்தால் பூஜ்யம், டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. "சார், இந்த மாச ரிட்டர்ன் ஒண்ணுமே காணோமே" என்று அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வந்தால்தான் உண்டு. 'ஆல் டேபிள்ஸ்' என்று மொத்தமாகக் கொடுத்தாலும், போஸ்ட்கிரெஸ் 15-இல் வந்தபடி ஸ்கீமாவாக (டேபிள்களின் தொகுப்பாக) கொடுத்தாலும், இந்த ரெஃப்ரெஷிலிருந்து தப்ப முடியாது.

பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்) இல்லாத டேபிள் என்றால் வேறு கூத்து. எந்த வரி மாறியது என்று அந்தப் பக்கம் கண்டுபிடிக்க உதவும் ரெப்ளிகா ஐடென்டிட்டி வைக்காமல் சேர்த்தால் மெயின் சர்வரிலேயே அப்டேட்டும் டெலீட்டும் எரர் அடிக்கும்.

நியாயமாகச் சொன்னால், ரெஃப்ரெஷ் கொடுத்த பிறகு அதன் வேலை அழகு. தனி வொர்க்கர் வந்து பழைய வரிகளோடு சேர்த்து முழுசாக காப்பி எடுக்கும், அதனால் நடுவில் தள்ளிவிட்டதும் வந்துவிடும். மற்ற டேபிள்கள் அதுவரை தம்பாட்டுக்கு ஓடும். ஒவ்வொரு டேபிளின் நிலையையும் காட்டும் பிஜி_சப்ஸ்கிரிப்ஷன்_ரெல்லில் நிலை 'டி'யிலிருந்து (காப்பி நடக்கிறது) 'ஆர்' (ரெடி) ஆவதைப் பார்க்க எனக்கு இன்னமும் பிடிக்கும்.

ஆனாலும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர்கள் ஆபீஸில் வாராவாரம் புது டேபிள் வரும். பேசாமல் மொத்த சர்வரையும் அப்படியே நகலெடுக்கும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வைத்துக்கொள்ளட்டும், டேபிளும் சேர்ந்தே போய்விடும். நான் மாறப்போவதில்லை.