பள்ளிக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே கார்: மூன்று பழைய அமெரிக்கக் கார்கள்

வார நாட்களில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடவும், சனிக்கிழமை மாலை கால் மைல் (சுமார் 400 மீட்டர்) நேர்க்கோட்டில் பாயும் டிராக் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கவும் ஒரே பழைய காரைத் தேடும் அமெரிக்கப் பெற்றோர் பெரும்பாலும் குதிரைத்திறனிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். பின்னிருக்கையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. 1970 செவ்ரோலெட் ஷெவெல் எஸ்.எஸ்., 1987 பியூக் கிராண்ட் நேஷனல், 1994–96 செவ்ரோலெட் இம்பாலா எஸ்.எஸ். ஆகிய மூன்றையும் அந்த அளவுகோலிலேயே இங்கு ஒப்பிடுகிறேன்.

454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சினுடன் வந்த ஷெவெல், 450 குதிரைத்திறன் என்ற அறிவிப்போடு விற்கப்பட்டது. அழகிலும் வலிமையிலும் மற்ற இரண்டும் அதன் அருகில் வர முடியாது. ஆனால் அதன் பின்னிருக்கையில் இருப்பது இடுப்புப் பட்டை மட்டுமே. தனக்கென வார்கள் கொண்ட குழந்தை இருக்கையை அந்தப் பட்டையால் இறுக்கிக் கட்டலாம்; பிள்ளை வளர்ந்து உயரத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இருக்கைக்கு மாறியதும் தோள்பட்டையும் சேர்ந்த பெல்ட் இன்றியமையாததாகிவிடுகிறது. அதைப் பின்னர் பொருத்த முடியும் என்றாலும், உடற்கூட்டில் உறுதியான இடம் தேடி, விவரம் அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பரவலாக வருவதற்கு முந்தைய கார் என்பதால், டிக்கியின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்தால் புகை நேராகப் பிள்ளையிடம்தான் வரும்.

கிராண்ட் நேஷனலின் 3.8 லிட்டர் டர்போ வி6 எஞ்சின் 245 குதிரைத்திறன் தருவது. கார்புரேட்டர் இல்லாததால் குளிர்காலக் காலையிலும் முரண்டு பிடிக்காது. டர்போ அழுத்தத்தைச் சற்றுக் கூட்டினாலே வேகம் மலிவாகக் கிடைக்கும், தரமற்ற பெட்ரோலில் அதே ஆசை எஞ்சினின் மேற்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைத் தின்றுவிடும். மற்றபடி இதுவும் இரண்டு கதவுக் கார்தான். பின்னிருக்கை ஓரங்களில் தோள்பட்டை பெல்ட் கட்டாயமானது 1989 டிசம்பரில் என்பதால், பெற்றோரைப் பொறுத்தவரை இது ஷெவெலின் தம்பியே.

இம்பாலாவுக்கு நான்கு கதவுகள், முன்னே இரு ஏர்பேக்குகள், ஏ.பி.எஸ். பிரேக், பின்னிருக்கை ஓரங்களில் தோள்பட்டை பெல்ட் ஆகிய அனைத்தும் உண்டு. 260 குதிரைத்திறன் இருந்தும் சுமார் 1,900 கிலோ எடையை இழுப்பதால் கால் மைலைக் கடக்க ஏறத்தாழ 15 நொடி பிடிக்கிறது; நல்ல ஷெவெல் பதின்மூன்றரை நொடி அளவில் முடித்துவிடும். தண்ணீர் பம்ப்புக்குக் கீழேயே, தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்த அறிவை யாரும் பாராட்டியதில்லை: பம்ப் கசிந்தால் அதுவும் கெடும்.

எந்தக் காரை வாங்கினாலும், வேகத்துக்கு எங்கே எல்லை போடுவது என்பதே முடிவான கேள்வி. இத்தகைய பழைய கார் கால் மைலை 11.49 நொடியிலோ அதைவிட விரைவாகவோ கடந்தால், அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் எஃகுக் குழாய்ச் சட்டமான ரோல் பார் பொருத்தியாக வேண்டும். அதன் பின்பக்கத் தாங்கு குழாய்கள் பெரும்பாலும் பின்னிருக்கைப் பகுதியின் ஊடாகவே இறங்குகின்றன. தலைக்கவசத்தோடு தடத்தில் ஓட்டுபவரைக் காக்கும் அதே எஃகுக் குழாய், தெருவில் தலைக்கவசமின்றி அமர்ந்திருக்கும் பிள்ளைக்குச் சிறு மோதலிலும் ஆபத்தாகிவிடும். ஆகவே ரோல் பார் ஏறிய நாளிலிருந்து அந்தக் காரில் பிள்ளையை ஏற்றக்கூடாது. பந்தயத்துக்கான டிராக் ரேடியல் டயர்களையும், ஈரச் சாலையில் பிடிப்புக் குறைவதால், தடத்துக்குப் போகும் நாளன்று மட்டும் மாட்டுவதே நல்லது.

பன்னிரண்டு, பதின்மூன்று நொடிகளில் மனநிறைவு கொள்பவருக்கு என் தேர்வு இம்பாலாதான். எஞ்சினில் செலவிட்டால் அது அந்த நேரத்தைத் தொடும். வாங்குபவர் 1996 மாதிரியைத் தேடலாம்: கியர் நெம்புகோல் ஸ்டீயரிங் தண்டிலிருந்து தரைக்கு இறங்கியதும், எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மானி வந்ததும் அந்த ஆண்டில்தான்.