சுழற்சி கூடக்கூட மங்கும் கொரோனா: எந்த விளக்கம் தேறுகிறது?

விண்மீன் வேகமாகச் சுழலச் சுழல அதன் கொரோனா, அதாவது அதைச் சூழ்ந்த மிகச் சூடான வெளி வளிமண்டலம், எக்ஸ்-கதிரில் கூடுதலாக ஒளிரும். 1981-இல் பல்லவிசினி குழுவினர் ஐன்ஸ்டீன் விண்கலத் தரவைக் கொண்டு இதற்குக் கணக்கே சொன்னார்கள்: வேகம் இரண்டு மடங்கானால் எக்ஸ்-கதிர் நான்கு மடங்கு. ஆனால் எக்ஸ்-கதிர் விண்மீனின் மொத்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டியதும் ஏற்றம் நின்றுவிடுகிறது. (நம் சூரியன் பத்து லட்சத்தில் ஒரு பங்கையொட்டித்தான் நிற்கிறது.) இது பூரித நிலை. சில மணி நேரத்திலேயே ஒரு சுற்றை முடிக்கும் விண்மீன்கள் சிலவற்றில் எக்ஸ்-கதிர் குறையவே தொடங்குகிறது. இது மிகைப்பூரித நிலை.

பழைய விளக்கம் எளிது: மேற்பரப்பு முழுக்கக் காந்த வளையங்கள் (சூடான வாயுவைப் பிடித்துவைக்கும் காந்தப்புல வளைவுகள்) நிரம்பிவிட்டன, இனி இடமில்லை. அப்படியானால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பிரகாசம் இருக்க வேண்டும். ஐசி 2391 விண்மீன் கொத்திலுள்ள விஎக்ஸ்ஆர்45 என்ற விண்மீன் ஐந்து மணி நேரச் சொச்சத்தில் ஒருமுறை சுழல்கிறது. அதன் எக்ஸ்-கதிர் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்குவதை எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலம் பதிவு செய்தது. எனவே இந்த விளக்கத்தை மேலே கொண்டுபோவது கஷ்டம்.

அடுத்தது டைனமோ. உள்ளே காந்தப்புலத்தை உருவாக்கும் இயந்திரமே தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்பது வாதம். பூரித நிலைக்கு இதுவே சரியான பதில் என்பது என் கணிப்பு. நேரடியாக அளந்த காந்தப்புலங்களும் அதே இடத்தில்தான் கிட்டத்தட்ட நின்றுபோகின்றன. ஆனால் மிகைப்பூரிதத்துக்கு இது உதவாது.

அங்கே வருவது மையவிலக்கு விசை. விண்மீனோடு சேர்ந்து சுழலும் பிளாஸ்மாவை (மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவை), ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் ஈர்ப்புவிசையால் பிடித்துவைக்க முடியாது. உயரமான வளையங்கள் பிய்த்துக்கொண்டு போகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூரியனைப் போன்ற விண்மீன் அரை நாளில் சுழன்றால் அந்த எல்லை மையத்திலிருந்து சுமார் 2.7 ஆரத்தில் இருக்கும். சூரிய நிறையில் 0.3 பங்கும், ஆரத்தில் அதே பங்கும் உள்ள செங்குள்ளனுக்கு (சிறிய, குளிர்ந்த சிவப்பு விண்மீனுக்கு), அதே அரை நாள் சுழற்சியில், அதன் ஆரத்தைப் போல கிட்டத்தட்ட 6 மடங்கு தூரத்தில். ஆக, செங்குள்ளன்கள் கடைசியில்தான் மங்க வேண்டும். டைனமோதான் காரணம் என்றால் நேர்மாறு: உள்ளே சூடான வாயு ஏறி இறங்கும் வெப்பச்சலனத்தோடு ஒப்பிட்டுத்தான் சுழற்சியின் வேகம் டைனமோவுக்குக் கணக்கு; செங்குள்ளன்களின் வெப்பச்சலனம் மெதுவானது என்பதால் அவையே முதலில் மங்க வேண்டும்.

2011-இல் ஜெஃப்ரிஸ் குழுவினர் என்ஜிசி 2547 கொத்தில் இதைச் சோதித்தார்கள். அதிவேகச் செங்குள்ளன்களும் பெரும்பாலும் பூரித நிலையிலேயே நின்றன. மையவிலக்கு விசைக்கு இது பெரிய பலம்.

சரி, அப்போது வழக்கு முடிந்ததா? இல்லை. துடிப்பான விண்மீன்கள் பலவற்றில் கொரோனா அடர்த்தியாகவும் குட்டையாகவும் இருக்கிறது. குட்டையானதைப் பிய்ப்பது கடினம். ஆனால் சுழற்சி ஐந்து மணி நேரத்துக்கு வந்துவிட்டால், சூரியன் அளவு விண்மீனில் எல்லை மேற்பரப்புக்கு மேலே அரை ஆரத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் குட்டை வளையங்களுக்கும் ஆபத்துதான்.

மிகைப்பூரிதத்துக்கு இன்னொரு போட்டி விளக்கம், காந்தப்புலம் துருவங்களை நோக்கி ஒதுக்கப்பட்டு நடுப்பகுதி காலியாகிறது என்பது. 44 பூட்டிஸ் என்ற விண்மீனில் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி துருவத்தை ஒட்டிய சிறு கொரோனாப் பகுதிகளைக் கண்டது இதற்குச் சாதகம். ஆனால் அது ஒட்டியே சுழலும் இரட்டை விண்மீன். தனி விண்மீனின் வழக்கில் அதன் சாட்சியத்துக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.