முத்தியால்பேட்டை மாடி வகுப்பு: எட்டு ஞாயிறும் இரட்டைச் சொற்களும்

புதுச்சேரி நேரு வீதியில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் பில் எழுதும் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு ஒரு ஸ்டெபிலைசருக்கான பில்லில் வாரண்டி என்று எழுத வேண்டிய இடத்தில் கியாரண்டி என்று எழுதிவிட்டேன். ஏழு மாதம் கழித்து அது பழுதானபோது, வாடிக்கையாளர் அந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டிப் புதிய பெட்டிதான் வேண்டும் என்று நின்றார்; முதலாளியும் கொடுத்தனுப்பினார். ஒன்றுபோலத் தோன்றும் ஆங்கிலச் சொற்களின் பொருள் வேறுபாட்டை மட்டுமே கற்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று முத்தியால்பேட்டையில் நடப்பதாகக் கேள்விப்பட்டதும் நான் போய்ச் சேர்ந்ததற்கு அந்த ஸ்டெபிலைசரே காரணம்.

எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் 1,600 ரூபாய். நடத்துபவர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை. முதல் நாள் அவர் பலகையில் எழுதியது ஆங்கிலச் சொல் அன்று, 'கேட்டேன்' என்னும் தமிழ்ச் சொல். பாட்டுக் கேட்டேன், சத்தம் கேட்டேன், வழி கேட்டேன் என்ற மூன்றுக்கும் நமக்கு ஒரே வினை போதும். ஆங்கிலத்திலோ லிசன், ஹியர், ஆஸ்க் என்று மூன்று வேண்டும். மறுபுறம், புத்தகத்தை இரவல் வாங்குவதையும், அவசரத்துக்கு நூறு ரூபாயைக் கைமாற்றாக வாங்குவதையும், வட்டிக்குக் கடன் வாங்குவதையும் நாம் பிரித்துச் சொல்ல, அவர்கள் பாரோ என்ற ஒன்றிலேயே அடக்கிவிடுகிறார்கள். அகராதியில் தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கட்டணத்துக்கு ஈடானது மூன்றாம் வாரம். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து குவிந்தன. தொழுவத்தில் நிற்கும் ஆட்டுக்கு ஷீப் என்ற பழைய ஆங்கிலச் சொல்லும், தட்டில் வரும் கறிக்கு மட்டன் என்ற பிரெஞ்சு வழிச் சொல்லும் நிலைத்தது அப்படித்தான். (இங்கிலாந்தில் மட்டன் என்றால் செம்மறி ஆட்டுக் கறி, நம் ஊரில் அந்தப் பெயரில் பெரும்பாலும் வெள்ளாட்டுக் கறியையே வாங்குகிறோம் என்பதை வகுப்பில் பாதிப் பேர் நம்ப மறுத்தார்கள்.) வாரண்டியும் கியாரண்டியும் அந்தப் பிரெஞ்சு உறவால் வந்த உடன்பிறப்புகளே. நார்மண்டி வட்டார வழக்கில் 'வ' ஒலி நின்ற இடத்தில் பாரிஸ் வழக்கில் 'க' ஒலி நின்றது. வார்டன், கார்டியன் என்ற இணையும் அவ்வாறு பிறந்ததுதான்.

பிறப்பு ஒன்றானாலும் சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 12-இன்படி, வாரண்டி என்பது ஒப்பந்தத்தின் முதன்மை நோக்கத்துக்குத் துணையாக நிற்கும் உறுதி. அது மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், ஆனால் அந்தக் காரணத்துக்காகப் பொருளையே வேண்டாம் என்று திருப்ப முடியாது. கியாரண்டி என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 126-இன்படி, ஒருவர் தம் கடமையிலிருந்து தவறினால் அதை நான் நிறைவேற்றுவேன் என்று இன்னொருவர் ஏற்பது, அதாவது ஜாமீன். வாரண்டி என்றால் ரிப்பேர், கியாரண்டி என்றால் புதுசு என்று கடைத்தெருவில் நாங்கள் சொல்லிவரும் கணக்கு வியாபார வழக்கமே தவிர இந்த இரண்டு பிரிவுகளிலும் இல்லை. பிரான்சில் பேரனை வைத்திருக்கும் ஒரு பெரியவர், "அங்கே இரண்டுக்கும் காரந்தி என்ற ஒரே சொல்தான், மேடம்" என்றார். பிரெஞ்சு தெரிந்தவர்கள் வகுப்பில் இருப்பது இந்த ஊரின் வசதி. லிப்ரேரி என்றால் அவர்களுக்குப் புத்தகக் கடை, நூலகம் அன்று. சான்சிப்ல் என்றால் எளிதில் மனம் நோகும் இயல்பு, ஆங்கிலத்து சென்சிபிள் குறிக்கும் விவேகம் அன்று. அந்தப் பெரியவர் பேசிய கால் மணி நேரம் பாடத்திட்டத்தில் இல்லாதது, பாடத்திட்டத்தைவிடச் சுவையானது.

குறைகளும் உண்டு. எண்ணக்கூடியவற்றுக்கு ஃப்யூவர், எண்ண முடியாதவற்றுக்கு லெஸ் என்பதை ஆசிரியை கல்லில் பொறித்த விதிபோல நடத்தினார். பழைய ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றோடும் லெஸ் வழங்கியிருக்கிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் இன்னது அழகு என்று தம் விருப்பமாக எழுதியதுதான் பின்னாளில் விதியாக இறுகியது. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு விதி தேவைதான். ஆனால் சொற்களின் வரலாற்றை அவ்வளவு நயமாகச் சொன்னவர் இதற்கும் இரண்டு வாக்கியம் சேர்த்திருக்கலாம். கடைசி இரண்டு வாரங்கள் வெறும் பயிற்சித்தாள்களாகவே கழிந்தன.

ஜெராக்ஸ் குறிப்பேட்டில் எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரியும் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரியும் எழுத்துக்கூட்டலில் இடம் மாறி அச்சாகியுள்ளன. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே என்பதால் யாரும் கவனிக்கவில்லை போலும். இத்தனைக்கும், தெருத்தெருவாக அலையாமல் ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரே ஸ்டேஷனர் என்று அவர் வகுப்பில் விளக்கியது, கடைக்காரனான எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மாடியில் மின்விசிறி ஒன்றே ஒன்று. வண்டி நிறுத்தத் தெருவில் இடம் கிடைப்பது அரிது. பேச்சு ஆங்கிலம் பழக நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு பயன்படாது. பில், கடிதம், ஒப்பந்தம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திடும் வேலையில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். எங்கள் கடையிலிருந்து இரண்டு தம்பிகளை அடுத்த வகுப்பில் சேர்த்திருக்கிறேன். என் குறிப்பேட்டையே அவர்களிடம் கொடுத்துவிட்டேன், ஸ்டேஷனரி உள்ள பக்கத்தைச் சிவப்பு மையால் திருத்திய பிறகு.