ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வரும் "நஷ்டஈடு" புரோக்கர்: வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் ஐஸ் கம்பெனியிலும் மீன் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படித்துவிடுங்கள். வேலையில் அடிபட்டு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைத் தேடி, "கைக்காசு ஒரு பைசா வேண்டாம், வருவதில் பாதி கொடுத்தால் போதும்" என்று ஆள் வருகிறார்கள். அப்படி ஒருவரிடம் மாட்டிய தொழிலாளிக்கு நடந்தது இது.

வயது 30, மாதச் சம்பளம் 16,000. ஐஸ் உடைக்கும் மிஷினில் சிக்கிய கட்டியைத் தள்ளப் போய் வலது கையில் கட்டைவிரல் தவிர நான்கு விரலும் போய்விட்டன. கட்டுப் பிரிக்கும் முன்பே புரோக்கர் வந்து, நிரப்பாத வக்காலத்திலும் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) வெற்று முத்திரைத்தாளிலும் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். புதிதாக பேங்க் கணக்குத் திறக்க வைத்து, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் தானே வைத்துக்கொண்டார். கணக்கோடு இணைத்த செல் நம்பரும் அவருடையதுதான். சில மாதம் கழித்து 1,50,000 ரூபாயைக் கையில் கொடுத்து, கேஸ் முடிந்துவிட்டது என்றார். பிறகு விசாரித்தால், கேஸே போடவில்லை. முத்திரைத்தாளில் "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாத்தியம் இல்லை" என்று எழுதி முதலாளியிடம் கொடுத்திருக்கிறார். ஸ்டேட்மென்ட்டில் 4,00,000 வரவாகி, ஏடிஎம்மில் துண்டு துண்டாக எடுக்கப்பட்டிருந்தது.

அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு? விபத்து நடந்தது 2025 மார்ச்சில் என்பதால் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் பொருந்தும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கு அட்டவணையில் உள்ள காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில் நான்கு விரல் இழப்புக்கு அட்டவணை சொல்வது 50 சதவீதம், ஆக 9,35,910 ரூபாய். வைத்தியச் செலவு பில்லுக்குத் தனியாகத் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி; தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

அந்த முத்திரைத்தாளோடு எல்லாம் போய்விட்டது என்று சோர்ந்துவிடாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. சமரசம் என்றால் அதை தொழிலாளர் துறையில் இழப்பீட்டுக் கேஸ்களை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று தெரிந்தால் அவர் பதிய மறுக்கலாம். பதியாத ஒப்பந்தம் என்றால் முதலாளி முழுத்தொகைக்கும் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது. இழப்பீட்டுப் பணத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவும் சட்டத்தில் இடமில்லை. உயிர் போன கேஸில் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். துஷ்டி வீட்டில் வைத்துக் கொடுத்தது இழப்பீட்டுக் கணக்கில் சேராது. முன்பணமாகக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரை மட்டும் கழியும்.

பெரும்பாலான கேஸ் சாய்வது முதல் நாளே, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில். எப்படி அடிபட்டது என்று டியூட்டி டாக்டர் கேட்பார். கூட வந்தவர் சொல்வதை எழுதுவார். கூட வந்தவர் கம்பெனி மேஸ்திரியாக இருந்து, "வீட்டில் வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியை எதிர்த்து வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, எந்தக் கம்பெனி, எந்த மிஷின், எத்தனை மணி என்று சொல்லி எழுத வையுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் அங்கேயும் அதே வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். போலீஸில் புகார் கொடுத்ததற்கு குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு ஜிபே வரவு, வருகை நோட்டின் போட்டோ, கூட வேலை பார்த்த இருவரின் சாட்சி உதவும்.

"அவன் கான்ட்ராக்ட் ஆள்" என்று கம்பெனி கைவிரித்தால் நம்பாதீர்கள். தன் தொழிலுக்காகக் கான்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்தாலும் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். இ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்களுக்கு மட்டும் வழி வேறு, அவர்கள் இ.எஸ்.ஐ. மூலமாகத்தான் கேட்க வேண்டும்.

வக்கீல் வைப்பது நல்லதுதான், ஆனால் நேரே அவர் ஆபீசுக்குப் போங்கள். ஜெயித்த தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. "பாதிக்குப் பாதி" என்று பேசும்போதே எழுந்து வந்துவிடலாம். வக்காலத்தில் வக்கீல் பெயரும் பதிவு எண்ணும் நிரப்பிய பிறகே கையெழுத்து. மனு கொடுத்ததும் கேஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, தொழிலாளர் துறை அலுவலகத்தில் நீங்களே சரிபாருங்கள். "முதலாளி அப்பீல் போய்ட்டார், செலவுக்குப் பணம் வேணும்" என்பது அடுத்த வலை. தீர்ப்புத் தொகையை முழுதாகக் கட்டிய சான்று இல்லாமல் முதலாளி ஐகோர்ட்டுக்கு அப்பீல் போக முடியாது. அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த விபத்துக்கு அதன் ஏழாம் அத்தியாயப்படி மனு எழுத வேண்டும். பழைய சட்டத்தில் கெடு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம். திருப்பூரிலோ சென்னையிலோ அடிபட்டு ஊர் திரும்பியவர்கள் அங்கே அலைய வேண்டாம். குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே மனு கொடுக்கலாம்.

ஏற்கெனவே யாரிடமாவது பாஸ்புக் கொடுத்திருந்தால், ஆதாரோடு பேங்குக்குப் போய் ஏடிஎம் கார்டை முடக்கி, செல் நம்பரை மாற்றி, ஸ்டேட்மென்ட் எடுங்கள். அதை வைத்துக்கொண்டு போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.